நாவலில் விட்டுப்போன ஆள்

பிச்சம்மாள் எழுதியது ஒரே ஒரு நாவல்தான். 'வெள்ளிக்கிழமை பெஞ்சு' என்று பெயர். சங்கரன்கோவில் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தவள், நாற்பது வயதை நெருங்கும்போது அதை எழுதினாள். சவூதிக்குப் போன கணவனின் போனுக்காக வெள்ளிக்கிழமைதோறும் டெலிபோன் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காரும் ரஹீமா என்ற பெண்ணின் கதை. முதலில் வாரம் தவறாமல் பேசுகிறவன் ஒருநாள் நின்றுபோகிறான். அதற்கப்புறம் ஏழு வருடம் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிப் பக்கம்வரை அந்தப் போன் வரவே இல்லை. அந்த வராத போனைத்தான் படித்தவர்கள் எல்லாரும் கொண்டாடினார்கள். கல்லூரியில் பாடமாகக்கூட வைத்தார்கள்.

இருபத்து மூன்று வருடத்தில் ஐந்து பேர் அதைப் படமாக எடுக்கக் கேட்டு வந்தார்கள். ஐந்து பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒருவர் கடைசியில் புருசன் திரும்பி வருவதுபோல மாற்றிக்கொள்கிறோம் என்றார். இன்னொருவர் ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். அது படத்துக்கு ஆகாது என்பாள். ஏன் ஆகாது என்று கேட்டால் இன்னொரு டம்ளர் காப்பி வரும்.

அவள் கணவர் குருநாதனுக்கு இது விளங்கவே இல்லை. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாவலின் ஒவ்வொரு பதிப்பையும் வாங்கி அட்டை போட்டு வைத்திருப்பவர். பெண்டாட்டி எழுதியதைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வீம்பு இருக்கும்போல என்று தனக்குத்தானே சொல்லிச் சமாதானமாகிக்கொண்டார்.

ஆறாவதாக வந்தவள் அபிஷா. முப்பத்து நாலு வயது. சென்னையில் இருந்து இரண்டு சின்னப் படங்கள் எடுத்திருந்தாள். அம்மா ஊர் பக்கத்தில் பனவடலிசத்திரம்தான். அப்பா மஸ்கட்டில் பதினான்கு வருடம் இருந்தவர். மூன்று தடவை வந்து மூன்று தடவையும் காப்பி குடித்துவிட்டுப் போனாள். நாலாவது தடவை வந்தபோது நாவலைப் பற்றியே பேசவில்லை.

"நாவலை எடுக்கல, அம்மா. உங்களைப் பத்தி எடுக்கேன். ஒரே புத்தகம் எழுதுன ஒரு அம்மா, அதைப் படமாக்க ஏன் விடமாட்டேங்கிறாங்க. அதுதான் படம்."

பிச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அவளைக் கேட்டதில்லை. டெலிபோன் ஆபீஸ் வேலையை, போர்டில் ஒயர் மாற்றிச் சொருகி ஊரையே பேசவைத்த காலத்தை, சொல்ல எவ்வளவோ இருந்தது. சரி, கதையை மட்டும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுச் சம்மதித்தாள். குருநாதன் அன்றைக்கே போய் இரண்டு புதுச் சட்டை எடுத்து வந்தார்.

முதலில் அபிஷா ஒரு சின்னக் கேமராவை வைத்துக்கொண்டு அவளைச் சும்மா பேசவிட்டுப் பதிவு செய்தாள். இதை வைத்துத்தான் பிறகு கதை எழுதி நடிகர்களை வைத்து எடுப்பார்களாம். இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. ஆபரேட்டர் வேலை கிடைத்ததை, நைட் டூட்டிக்குப் போகக்கூடாது என்று மாமியார் மறித்ததை, டிரங்க் கால் வரும்போது தூரத்துக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கும் என்பதை எல்லாம் பிச்சம்மாள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே உற்சாகமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கேமராவைச் சரிசெய்துகொண்டே அபிஷா சொன்னாள்: "நாளைக்குக் கடையநல்லூர் போயிட்டு வாரேன்மா. அலிமா பீவி அம்மாவையும் பாத்துப் பேசிட்டு வந்துருதேன். சார் அட்ரஸ் கொடுத்தாங்க."

பிச்சம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ரஹீமா என்பது அலிமா பீவிதான் என்பது உள்ளூரில் பழைய ஆட்களுக்குத் தெரிந்த விஷயம். அதைச் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாகக் குருநாதனுக்குத் தோன்றவில்லை. அவர் புதுச் சட்டையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அங்கன போகாத," என்றாள் பிச்சம்மாள்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிச்சம்மாளின் கை சேலை முந்தானையைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்ததை அபிஷா பார்த்தாள். கேமராவை அணைத்தாள். அதன் பின்னாலேயே இருக்காமல் எழுந்து வந்து பிச்சம்மாளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு காரியம் அவள் செய்திருக்காவிட்டால் பிச்சம்மாள் இன்னொரு காப்பி போடப் போயிருப்பாள்.

"அந்தப் போன் வந்துச்சு," என்றாள்.

எண்பத்தொன்பதாம் வருடம் ஐப்பசி மாதம். நல்ல மழை. அலிமா பீவிக்குக் காய்ச்சல், அன்று அவள் வரவில்லை. மூன்று மாதமாகப் பேசாமல் இருந்த அவள் கணவன் முகம்மது ஹுசைன் சவூதியில் தமாமிலிருந்து அன்றைக்கு என்று பார்த்துக் கூப்பிட்டான். ஆள் வரவில்லை, காய்ச்சலாம் என்று பிச்சம்மாள் சொன்னாள். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் கேட்ட குரல். அவனுக்கும் அவள் குரல் பழக்கம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். பிறகு அவன் சொன்னான், தனக்கு அங்கே ஒரு கல்யாணம் ஆகிவிட்டது, இனி வருவதாக இல்லை, அலிமாவிடம் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவள் அண்ணனுக்கு லெட்டர் போடுகிறேன். அவ்வளவுதான். லெட்டர் எதுவும் வரவில்லை. அதற்கப்புறம் போனும் வரவில்லை.

லைனில் கேட்டதை ஆபரேட்டர் வெளியே சொல்லக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். ஆனால் இது ஒட்டுக்கேட்டது இல்லையே, சொல்லச் சொல்லி அவளிடமே சொன்னதாயிற்றே. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். காய்ச்சல் விட்டு மெலிந்துபோய் வந்த அலிமா, போன வாரம் போன் வந்ததா என்று கேட்டாள். இல்லைக்கா என்று வாயில் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம், போன வாரம் ஏன் பொய் சொன்னோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டி இருந்தது. வாரம் ஏற ஏறச் சொல்லவேண்டியது கூடிக்கொண்டே போனது.

தொண்ணூற்றாறில் ஹுசைன் அங்கேயே இறந்துபோன செய்தி, அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்த செய்தியோடு சேர்ந்து வந்தது. அலிமா மாமியார் வீட்டை விட்டுக் கடையநல்லூருக்கு அண்ணன் வீட்டோடு போனாள். அவள் போனபிறகுதான் பிச்சம்மாள் எழுத உட்கார்ந்தாள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்றுதான் ஆரம்பித்தாள். அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமைக்கு வந்ததும் கை ஓடவில்லை. அந்த இடத்தில் போன் வரவில்லை என்று எழுதினாள். கதை அழகாக அமைந்துவிட்டது.

"அலிமாக்கா குர்ஆன் நல்லா ஓதுவா. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பா. புத்தகம் அவ கைக்குப் போகாது. படம் அப்படியா? வீட்டுக்குள்ள டிவியில வந்து நிக்கும். பாத்துட்டு, அந்த டெலிபோன் பொண்ணு என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா?"

இதுவரை எடுத்தது எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், படமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள் அபிஷா. பிச்சம்மாள் அழித்தால் மட்டும் தீராது என்று தலையாட்டினாள். உன்னிடம் சொல்லியாயிற்று, இனி அவளிடம் சொல்லாமல் இருந்தால் அது இரண்டாவது துரோகம் என்றாள். வாசற்படியில் நின்ற குருநாதன் முப்பத்தாறு வருடம் கூடவே படுத்து எழுந்தவளை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் துணைக்கு வருவதாகச் சொன்னதையும் மறுத்துவிட்டு, மறுநாள் பிச்சம்மாள் தனியாகப் பஸ் ஏறினாள்.

கடையநல்லூரில் அலிமா பீவி அண்ணன் வீட்டு முன்னறையில் நைட்டியும் சுடிதார் துணியும் வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். அறுபத்தாறு வயது. இடுப்பு வலிக்காக நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இறந்து பத்து வருடமாகிறது. அவர் மருமகள் சாஜிதா பானுதான் கூடமாட நின்று எல்லாம் பார்த்துக்கொள்கிறவள். பிச்சம்மாளைக் கண்டதும் அலிமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கல்யாண வீடுகளில் மட்டும் பார்த்துக்கொள்கிறவர்கள். என்ன விசேஷம் என்று கேட்டு, சாஜிதாவிடம் டீ போடச் சொன்னாள்.

டீ வருவதற்குள் பிச்சம்மாள் சொல்லிவிட்டாள். எழுதிப் பார்த்த ஆளாயிற்றே, எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட வரவில்லை. ஹுசைன் அண்ணன் ஒரு தடவை பேசினாக, நான் ஒங்கிட்டச் சொல்லல என்றுதான் வந்தது. அப்புறம் மற்றதெல்லாம்.

அலிமா மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். அடுக்கில் வைத்தாள்.

"எந்த வருசம்?"

"எம்பத்தொம்பது."

"மாசம்?"

"ஐப்பசி. ஒனக்குக் காய்ச்சல் அடிச்ச வாரம்."

அலிமா விரல் மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள். "தொண்ணூறுல நோன்புப் பெருநாள் கழிச்சு எங்க அண்ணன் ஒரு எடம் கொண்டுவந்தாக. புளியங்குடியில எலுமிச்சை யாவாரம். பெண்டாட்டி மவுத்தாயிட்டா, தாயில்லாத ஒரு பொம்பளப்புள்ள. ஜமாத்துல பேசி அவரோட உள்ளதை முடிச்சு விடுதேன், நீ சரின்னு சொல்லு போதும்னாக. அவரு உசுரோட இருக்காரு, போன் பண்ணுவாருன்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். அந்தப் புள்ளைக்கு நாலு வயசு. வந்தன்னைக்கு என் மடிய விட்டு எறங்கல."

சாஜிதா டீயோடு வந்து நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். பிச்சம்மாள் மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை அந்த நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ரொம்பச் சின்னதாக இருந்தது. சொல்லவில்லை.

"நீ போ, பிச்சம்மா," என்றாள் அலிமா. போயிட்டு வா என்று சொல்லவில்லை.

பிச்சம்மாள் புளியங்குடி வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலுமிச்சை மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினெட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. படம் வேண்டாம் என்று பிச்சம்மாள் சொல்லிவிட்டதால் அபிஷா சென்னைக்குப் போய்விட்டாள். குருநாதன் காலையில் நடந்துவிட்டு வந்து தினமும் ஏதாவது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். நீ சொல்லியிருந்தாலும் அந்தப் பொண்ணு வாழ்க்கை என்னவாகியிருக்கும்னு யாருக்குத் தெரியும் என்று ஒருநாள் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். பிச்சம்மாளுக்கு அது ஒட்டவில்லை. என்னவாகியிருக்கும் என்று அலிமாக்கா தெரிந்துகொள்ள முடியாமல் போனதே என்னால்தானே என்றாள். அதன்பிறகு அவர் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டுச் சமையலில் கூடமாட நின்றார். அது கொஞ்சம் உதவியது.

பத்தொன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, முன்மதியத்தில் ஆட்டோ வந்து நின்றது. அலிமா பீவி சாஜிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சாஜிதாவின் கையில் 'வெள்ளிக்கிழமை பெஞ்சு' இருந்தது. புதுப் பிரதி. தென்காசிக்கு ஆளனுப்பி வாங்கினார்களாம். தினமும் அஸர் தொழுகைக்கு அப்புறம் சாஜிதா வாசிக்க அலிமா கேட்டிருக்கிறாள். முந்தின நாள்தான் முடிந்ததாம்.

குருநாதன் நாற்காலி எடுத்துப் போட்டார். அலிமா உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"நல்லா எழுதியிருக்க," என்றாள். "ஆனா அந்த ரஹீமா எந்நேரமும் போனையே பாத்துக்கிட்டிருக்கா. நான் எப்பட்டி போனப் பாத்தேன்? நான் ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஹெட்போன மாட்டிக்கிட்டு நீ இருக்க இருப்பு வச்சே இன்னைக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரிஞ்சிரும். அந்த ஐப்பசிக்குப் பெறவு நீ என் மூஞ்சியப் பாக்கதையே விட்டுட்ட. ஒன் வீட்டுலதான் என்னமோ கஷ்டம்னு நான் நெனச்சேன். ஒனக்காக துஆ கேட்டேன்."

பிச்சம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை இத்தனை நாள் எங்கே இருந்ததோ, அப்போதுதான் வந்தது. அலிமா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குத் தெரியாததா என்ன.

"புத்தகத்துல பெஞ்சு இருக்கு. ஃபேன் இருக்கு. மழ இருக்கு. எங்க மாமியார் ஏசுனது இருக்கு. நீ எங்கன இருக்க?" என்று பிறகு கேட்டாள். "படம் எடுக்கப் போறாகளாமே. உங்க வீட்டய்யா போன்ல சாஜிதாட்டச் சொன்னாக."

அது பிச்சம்மாளுக்குப் புதுச் செய்தி. குருநாதன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான் வேண்டாம்னுட்டேன்க்கா."

"எடுக்கச் சொல்லு. எம் பேரு வேண்டாம். எங்க வீட்டுல புள்ளைக இருக்கு. ஆனா ஒம் பேரு இருக்கணும். நீ கேட்டதும், நீ சொல்லாததும் அதுல இருக்கணும்."

சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று குருநாதன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இன்னொரு நாள் என்றாள். ஆட்டோவில் ஏறும்போது மட்டும், அழுது வீங்கிய முகத்தோடு நின்ற பிச்சம்மாளைப் பார்த்து, தலைக்கு எண்ணெய் வச்சுக் குளி, பாக்கச் சகிக்கல என்றாள்.

படம் எடுக்க ஒன்றரை வருடம் ஆனது. பணம் போட வந்தவர்களில் ஒருவர், நாயகி இப்படி ஒரு காரியம் செய்தால் ஜனங்களுக்கு அவள்மேல் பரிதாபம் வராது, போன் வந்ததை எடுத்துவிடலாம் என்றார். அபிஷா மாட்டேன் என்று நின்றதில் அவர் விலகிக்கொண்டார். அதனால் நாலு மாதம் தள்ளிப்போனது. சங்கரன்கோவிலில் பதினோரு நாள் படப்பிடிப்பு நடந்தது. பழைய டெலிபோன் போர்டை ஒரு கல்யாண மண்டபத்தின் அறையில் மறுபடி செய்து வைத்திருந்தார்கள். பிச்சம்மாளாக நடித்த பெண்ணுக்கு ஒயர் சொருகத் தெரியவில்லை. பிச்சம்மாள்தான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். ஐப்பசி வெள்ளிக்கிழமைக் காட்சி எடுத்த அன்று மட்டும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டிலும் இருக்க முடியாமல் கோமதி அம்மன் கோவில் பிரகாரத்தில் மதியம்வரை உட்கார்ந்திருந்தாள்.

படம் வெளியானபோது உள்ளூர் தியேட்டரில் நாலு நாள் ஓடியது. இரண்டாம் நாள் பகல் காட்சிக்குக் கடையநல்லூரிலிருந்து ஒரு வேன் வந்தது. அலிமா பீவியும் சாஜிதாவும் அந்த வீட்டுப் பெண்கள் எட்டுப் பேரும் இறங்கினார்கள். அலிமா பிச்சம்மாளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு வரிசை முன்னால் தன் வீட்டு ஆட்களோடு உட்கார்ந்தாள். பிச்சம்மாளுக்குப் படம் தெரிந்ததைவிட முன்னால் இருந்த அந்தக் கறுப்பு முக்காடுதான் அதிகம் தெரிந்தது. திரையில் போன் வந்தது. ஆபரேட்டர் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை இல்லைக்கா என்றாள். தியேட்டரில் யாரோ ஒரு அம்மா, அடப் பாவி என்று வாய்விட்டே சொன்னாள். முன்னால் அந்த முக்காடு அசையவில்லை.

படம் விட்டதும் வாசலில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. கைகொடுத்தவர்கள் இருந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஐம்பது வயதுபோல இருந்த ஒரு பெண் மட்டும் நேரே வந்து நின்றாள். அவளும் எதற்காகக் காத்திருந்தவளோ தெரியாது.

"படம்னா படமா இருந்துட்டுப் போகட்டும். நெசமாவே நீங்கதானா? நீங்களும் ஒரு பொம்பள. எப்படிம்மா சொல்லாம இருந்திய?" என்று கேட்டாள்.

அபிஷா குறுக்கே வரப் பார்த்தாள். பிச்சம்மாள் அவள் கையை விலக்கினாள். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தாள். நாலைந்து காரணங்கள் தெரியும். எதுவும் பதில் இல்லை என்பதும் தெரியும். நெசந்தான், நான்தான் என்று மட்டும் சொன்னாள்.

அப்போது அலிமா பீவி சாஜிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தான் யார் என்று சொல்லவில்லை.

"அப்ப அவளுக்கு இருவத்தேழு வயசும்மா," என்றாள். "சின்னப்புள்ள."

வேன் புறப்பட ஹாரன் அடித்தது. அலிமா நடந்தாள். பிச்சம்மாள் மறுபக்கம் போய் அவள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அலிமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. வேன் படி உயரமாக இருந்தது. சாஜிதா மேலிருந்து இழுக்க, பிச்சம்மாள் கீழிருந்து இடுப்பில் கைகொடுத்து ஏற்றிவிட்டாள். மெள்ளட்டி, வலிக்கி என்றாள் அலிமா.